எச்சரிக்கை விளக்குக்கு வைத்த பொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு இன்னும் அசிங்கம். கொடைக்கானலில் ஒரு ஸ்டூடியோவின் படங்கள் அத்தனையையும் பத்திரப்படுத்துவதற்காக நானே சிபாரிசு செய்து, நானே பொருத்தி, நானே பராமரித்துவந்த ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் ‘ஆபத்து’ என்று சொல்வதற்காக மட்டுமே இருந்த சின்னஞ்சிறு விளக்கின் மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தவன் நான். ஒரு விளக்குக்கு அல்ல, நான்குக்கும். வரிசையாக, அளவெடுத்ததுபோல. நாலு மாதம் கழித்து அதே பெட்டியின் முன்னால் நின்று, “எந்த மடையன் பார்த்த வேலை இது?” என்று சத்தம் போட்டவனும் நான்தான்.

எனக்கு நாயுடுபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், ‘நாளைக்குத் தந்துடறேன்’ என்று சொல்லி வாங்கிவைத்த ஏழெட்டு லேப்டாப். பிறந்து வளர்ந்தது பழனி அடிவாரத்தில். எங்கள் வீட்டார் பூஜைச் சாமான் வியாபாரிகள். அண்ணன் இன்னும் அங்கேதான் பஞ்சாமிர்தமும் விபூதியும் விற்கிறான். சரியாக நடக்க வருவதற்கு முன்பே எனக்குச் சந்தனம் குழைக்க வந்துவிட்டது என்பார்கள். பொட்டு வைப்பதில் தாராளமான கை. கல்லாப்பெட்டி, தராசு, சைக்கிள் ஹேண்டில்பார் என்று எதைக் கண்டாலும் ஆயுத பூஜையன்று என் விரல் துறுதுறுக்கும். மலையேறி வந்து இருபது வருடமாகியும் அந்த நோய் போகவில்லை.

ஸ்டூடியோ என் கடையிலிருந்து நாலு கடை தள்ளி. அதை நடத்துபவர்கள் ஒரு தம்பதி, நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடுபவர்கள். அண்ணன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போவார். அக்கா கடையிலிருந்து பாஸ்போர்ட் படம் எடுப்பார். அண்ணன் எடுத்துவந்த ஆயிரக்கணக்கான படங்களில் கண் மூடியவர்களையும் வாய் திறந்தவர்களையும் கழித்துவிட்டு ஆல்பம் போடுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னைத் ‘தம்பி’ என்பார், ஆனால் ‘ங்க’ விடமாட்டார். பிறந்த ஊர் பூண்டி, மலைமேலே பூண்டு விளையும் கிராமம். அதனால் பூண்டிப் பக்கம் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றாலும், “நம்ம பிள்ளை ஸ்டூடியோ இருக்கறப்ப வேற ஆளா?” என்று நேராக இங்கேதான் வருவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் படங்களை வைக்க இடம் போதவில்லை என்றபோது அந்தப் பெட்டியை வாங்கச் சொன்னேன். சாப்பாட்டு டிபன் கேரியரைப் படுக்கவைத்ததுபோல இருக்கும். முன்பக்கம் நான்கு அறை, ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்டு டிஸ்க், ஒவ்வொன்றின் தலைமேலும் ஒரு கடுகளவு விளக்கு. நான்கில் ஒன்று செத்தாலும் படம் சாகாது. இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். பூண்டிக்காரருக்குப் பூண்டை வைத்தே விளக்கிவிடலாம் என்று எனக்கு அப்போது ஒரு மேதாவித்தனம் தோன்றியது.

“அக்கா, நாலு மூட்டைன்னு வச்சுக்கங்க. மூணு மூட்டையில பூண்டு. நாலாவதுல மொத்த எடை எழுதுன சீட்டு. ஒரு மூட்டை காணாமப் போச்சு. மொத்தத்துலருந்து மிச்ச ரெண்டையும் கழிங்க. காணாமப் போனது எவ்வளவுன்னு வந்துருமா இல்லையா?”

“எவ்வளவுன்னு வந்துரும். பூண்டு வந்துருமா?”

“அது… டிஸ்க்குல கெடக்கறது எல்லாமே எண்ணுதாங்கக்கா. எண்ணு தெரிஞ்சா படம் வந்துரும்.”

“அப்ப எண்ணுன்னே சொல்ல வேண்டியதுதான தம்பி? பூண்ட எதுக்கு இழுக்கறீங்க?”

உண்மையில் அந்தச் சீட்டும் தனி மூட்டையில் இருக்காது, நான்கிலும் கிழித்துக் கிழித்துச் செருகியிருக்கும். அதையும் சொல்லியிருந்தால் அக்கா எழுந்து போயிருப்பார். போகாமல் இன்னொரு கேள்வி கேட்டார்.

“ரெண்டு மூட்டை காணாமப் போனா?”

“போகாதுங்கக்கா.”

“போனா?”

“எல்லாம் போச்சு. ஆனா போகாது. இந்தப் பொட்டியில போட்டுட்டா ஆயுசுக்கும் கவலையில்ல.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா மறந்தாலும் அவர் வீட்டுக்காரர் மறக்கவில்லை. கல்யாணத்திலிருந்து வந்ததும் படங்களைப் பெட்டியில் ஏற்றுவார். ஏற்றிய கையோடு கேமராவின் மெமரி கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். தம்பி சொன்னதை அவ்வளவு நம்பினார்.

பெட்டியும் ஊமை அல்ல. டிஸ்க் கெட்டால் மூன்று விதமாகச் சொல்லும். ‘பீப்’ என்று கத்தும், எனக்கு மெயில் அனுப்பும், விளக்கு மஞ்சளாக மாறும். கத்தலை நிறுத்தியது நான். இங்கே கரண்ட் போய்ப்போய் வரும். ஒவ்வொரு தடவையும் அது கத்த, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருப்பவர் சரியாக அந்த நொடியில் கண்ணை மூடிக்கொள்வார். “தம்பி, இத வாயடைங்க” என்றார் அக்கா, அடைத்தேன். மெயில் போய்ச் சேர்ந்தது என் பழைய முகவரிக்கு. அதன் பாஸ்வேர்டு எனக்கு மறந்து இரண்டு வருடமாகிறது. மிச்சமிருந்தது விளக்கு ஒன்றுதான். அதற்கு ஆயுத பூஜை வந்தது.

அந்த பூஜையன்று ஸ்டூடியோவில் கேமராக்களையும் லென்ஸ்களையும் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சுண்டல் வெந்துகொண்டிருந்தது. அக்கா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, “கம்ப்யூட்டருக்கெல்லாம் நீங்களே வச்சிருங்க தம்பி” என்றார். பெட்டியின் முகத்தில் எங்கே வைப்பது என்று பார்த்தேன். நான்கு டிஸ்க், நான்கு நெற்றி. நெற்றியில் புள்ளிபோல ஏற்கெனவே ஓரிடம் இருந்தது. அதன்மேல் வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று என் கலைக்கண் சொன்னது.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலையில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் உப்பு கொட்டியதுபோல வெளுத்துக் கிடந்த நேரம். அக்காவிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, என்ன சோலியா இருக்கீங்க? வெரசா வாங்க. பொட்டி ஒரு மாதிரி நகருது. ஒரு படம் தெறக்க ஒரு டீ குடிச்சிரலாம்.”

போனேன். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். மப்ளருக்குள்ளிருந்தே விஷயத்தைச் சொன்னார். போன வாரம் பூண்டியில் ஒரு கல்யாணம் எடுத்தது. பெண்ணின் அப்பா அக்காவுக்குச் சித்தப்பா முறை. சனிக்கிழமை காலையில் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வருகிறார். படங்கள் இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தக் கார்டுகளோடு அண்ணன் கன்னிவாடிக்கு வேறு கல்யாணம் எடுக்கப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார். அங்கே நேற்று சாயங்காலமே அந்தக் கார்டுகளில் நலங்கு ஏறிவிட்டது.

“சும்மா தூசிதான் அடைச்சிருக்கும்” என்று சொல்லிக்கொண்டே குனிந்து பெட்டியைப் பார்த்தேன். காய்ந்து வெடித்த நான்கு சந்தனப் பொட்டுகள் என்னைப் பார்த்தன. அப்போதுதான் அந்த மடையனைப் பற்றி விசாரித்தேன்.

அக்கா போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். பிறகு என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஆயுத பூஜைப் படம். பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, நாக்கை வெளியே துருத்தி, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, மோதிர விரலால் மூன்றாவது டிஸ்க்குக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான் அந்த மடையன். இடது கையில் சுண்டல் தட்டு. படம் எடுப்பவர்கள் வீட்டில் குற்றம் செய்யக்கூடாது. எல்லாவற்றுக்கும் சாட்சி இருக்கும், அதுவும் நல்ல வெளிச்சத்தில்.

வெட்கத்தோடு லேப்டாப்பைத் திறந்து பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது. இன்று நேற்றல்ல, பூஜை முடிந்த நாலாம் நாளே. நாலு மாதமாகச் சந்தனத்துக்குக் கீழே அந்த விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. நாலு மாதமாக மிச்ச மூன்று டிஸ்க்கும் நான்கின் பாரத்தைச் சுமந்திருக்கின்றன. இன்னொன்று சாய்ந்தால் பூண்டிக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

“என்ன தம்பி, முகம் போற போக்கு சரியில்லையே.”

“ஒண்ணுமில்லைங்கக்கா. ஒரு மூட்டை காணாமப் போச்சு.”

“ஒண்ணுதான?”

“ஒண்ணேதான்.”

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் என்ன செய்திருப்பான் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான் செய்தது வேறு. பின்பக்கம் காற்றாடி வித்தியாசமாகச் சத்தம் போடுவதுபோலத் தோன்றியதால் மேசைக்குப் பின்னால் போயிருந்தேன். வயரையெல்லாம் தடவிப் பார்த்தேன். எப்படியாவது வேலை தெரிந்தவன் மாதிரி எதையாவது செய்து மானத்தை மீட்க வேண்டும் என்ற அவசரம். செத்துப்போன மூன்றாவதை உருவி வெளியே வைத்துவிடலாம் என்று பின்னாலிருந்தபடியே பெட்டியின்மேல் கவிழ்ந்து, முன்பக்கம் கையை விட்டு, என் இடதுபக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றாவதை இழுத்தேன்.

பின்னாலிருந்து மூன்றாவது என்பது முன்னாலிருந்து இரண்டாவது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். கையில் வந்தது உயிரோடு இருந்த டிஸ்க். வெதுவெதுப்பாக, இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டு, பிடித்த பூனைக்குட்டி மாதிரி உள்ளங்கையில் அதிர்ந்தது.

பெட்டி ஒரு தடவை ‘டொக்’ என்றது. அக்காவின் திரையிலிருந்த கல்யாணப் பெண் பாதி முகத்தோடு நின்றுபோனாள்.

“ஏலே! என்னத்தலே புடுங்குன?”

மூன்று வருடத்தில் எனக்கு அக்காவிடமிருந்து கிடைத்த முதல் ‘ஏலே’ அது. ஒரு நொடியில் ‘ங்க’ எல்லாம் மலையிறங்கிப் போயிருந்தது. தகுதியாகத்தான் கிடைத்தது என்பதால் வாங்கிக்கொண்டேன்.

எதையும் எழுதாமல் இருக்கும்போது இழுத்த டிஸ்க்கை உடனே அதே இடத்தில் சொருகி, பெட்டியை அணைத்து மறுபடி எழுப்பினால் அது பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ‘வாய்ப்பு’ என்ற வார்த்தையை அக்காவிடம் சொல்லவில்லை. சொருகினேன். அணைத்தேன். ஐம்பது எண்ணினேன், இந்த முறை முன்பக்கம் நின்று. பட்டனை அழுத்தினேன். அது முழுதாக எழும்பப் பத்து நிமிடம் ஆகும்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு ஆள் வந்தார். சுற்றுலா வேன் டிரைவர். லைசென்ஸ் புதுப்பிக்க அவசரமாக பாஸ்போர்ட் படம் வேண்டுமாம். அக்கா அவரைத் திருப்பி அனுப்பவில்லை. விளக்கைப் போட்டார், அவரை உட்காரவைத்தார், கேமராவைத் தூக்கினார்.

“லேசா சிரிக்கட்டுமாங்க?” என்றார் டிரைவர்.

“வேண்டாம்.”

“இல்ல, போன தடவை சிரிக்காம எடுத்தது திருடன் மாதிரி—”

“இங்க யாரும் சிரிக்க வேண்டாம்” என்றார் அக்கா, என்னைப் பார்த்து. நான் சிரிக்கவில்லை. சத்தியமாக. என் முகம் இயல்பிலேயே அப்படி.

டிரைவர் ஐந்து மணிக்கு வருகிறேன் என்று போனார். அக்கா லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். நாலு பொட்டையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்தார். முதல் விளக்கு பச்சை. மூன்றாவது மஞ்சள், அசையாத மஞ்சள். நாலாவது பச்சை. இரண்டாவது, நான் பிடுங்கியது, எரியவில்லை.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே யாரோ தைல பாட்டில் விற்கிறவர் சுற்றுலாக்காரர்களிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது விளக்கு ஒரு தடவை மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கியது. பிறகு, நமக்கென்ன என்பதுபோல, பச்சையாக நின்றது. லேப்டாப்பில் படத் தொகுப்புகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. கடைசியில் ‘பூண்டி’ வந்தது.

நான் பெருமூச்சு விட்டு, சேதாரமில்லாமல் தப்பித்த ஒருவனுக்கு உரிய உற்சாகத்தோடு அடுத்த திட்டத்தை விவரிக்கத் தொடங்கினேன். புது டிஸ்க் வரவழைக்க வேண்டும். செத்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், மிச்ச மூன்றிலிருந்தும் கணக்குப் பார்த்துப் பெட்டி தானாகவே அதை நிரப்பிக்கொள்ளும். முக்கால் நாள் பிடிக்கும். ஒரே ஒரு விஷயம், அந்த முக்கால் நாளும் மூன்று பழைய டிஸ்க்கும் மூச்சுவிடாமல் ஓட வேண்டும், பழசு ஒன்று படுப்பதென்றால் பெரும்பாலும் அப்போதுதான் படுக்கும்—

“அந்தக் கல்யாணத்த மட்டும் மொதல்ல வெளிய எடுத்து வச்சிட்டா என்ன?” என்றார் அக்கா.

இருபது வருடத் தொழில். எவனுக்கும் முதல் பாடம் அது.

“அதத்தான் சொல்ல வந்தேன்” என்றேன்.

“சொல்லல” என்றார்.

என் பையில் ஒரு தனி டிஸ்க் இருந்தது. அதற்குள் முழுக்க வருடக்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்த நகைச்சுவைக் காட்சிகள். அத்தனையையும் அழித்து இடம் பண்ணினேன். அன்றைக்கு எனக்கு வேறு நகைச்சுவை தேவைப்படவில்லை.

மெதுவாக ஏறியது. மூன்று கால் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுபவன்போலப் பெட்டி ஒவ்வொரு படமாக யோசித்து யோசித்துக் கொடுத்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வந்த படங்களை உடனுக்குடன் திறந்து பார்த்தார். நம்பிக்கை இல்லாதது பெட்டிமேலா என்மேலா என்று நான் கேட்கவில்லை. ஒரு படத்தில் பெண்ணின் அப்பா பந்தல் ஓரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூட்டை மூட்டையாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள், விருந்துக்கு.

“இவங்க எங்கம்மாவோட கூட்டாளி” என்றார் அக்கா, ஒருத்தியின் முகத்தைப் பெரிதாக்கி. “அம்மா போனதுக்கப்பறம் அங்க எனக்கு வீடுன்னு ஒண்ணு இல்ல தம்பி. சும்மா போய் யார் வீட்ல எறங்கறது? கல்யாணம், காதுகுத்துன்னு கூப்பிடுவாங்க. கேமராவத் தூக்கிட்டு அவரு போவாரு, நானும் வண்டியில ஏறிக்குவேன். அதான் எனக்கு ஊருக்குப் போற வழி. இந்தப் படம் போச்சுன்னு சித்தப்பாகிட்டச் சொல்லிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மறுபடி போவேன்?”

எழுந்து போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் புத்திசாலித்தனமான விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்து மணி வாக்கில் கடைசிப் படமும் வந்து சேர்ந்தது. அக்கா அந்தத் தனி டிஸ்க்கை என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். டிரைவர் வந்து தன் படத்தைப் பார்த்தார். “இந்தத் தடவையும் திருடன்தான்” என்றார். அக்கா முதல் தடவையாகச் சிரித்தார்.

பூண்டிக் கல்யாணம் கைப்பைக்குள் பத்திரம். ஆனால் பெட்டியில் மூன்று வருடக் கல்யாணங்கள் இன்னும் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தன. புது டிஸ்க்குக்குப் பழனியிலிருக்கும் என் சொந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு கடையில் இருந்தது. வாங்கி வெள்ளிக்கிழமை காலை கொடைக்கானல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் பார்சல்கள் உருளுவது எனக்குத் தெரியும். ஹார்டு டிஸ்க் என்று எழுதினால் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள்.

“பஞ்சாமிர்த டப்பி வைக்கிற அட்டைப்பெட்டியில போட்டு, ‘பிரசாதம்’னு எழுதிருண்ணே. பத்தரமா வச்சுக்குவாங்க.”

“டேய், சாமி பேருல பொய்யா?”

“பொய்யில்லண்ணே. அதுக்குள்ள ஒரு விபூதிப் பொட்டலமும் வச்சிரு. அப்ப உண்மைதான?”

பத்தரமாகத்தான் வைத்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பயபக்தியோடு டிரைவர் பக்கம் கையைக் காட்டினார். முருகன் படத்துக்குக் கீழே, மாலைக்குப் பக்கத்தில் பார்சல் இருந்தது. இன்ஜின் மூடிமேல். அறுபது கிலோமீட்டருக்கும் மேலாக, மலை முழுக்க, கொதிக்கிற இன்ஜின்மேல் சாமி தரிசனம் செய்துகொண்டே வந்திருக்கிறது என் டிஸ்க். தொட்டேன். இட்லி அவித்து இறக்கின சூடு.

“ரெண்டு விரல் குடுங்க சார்” என்று கண்டக்டர் உள்ளங்கையை நீட்டினார். “வாசமே காணோமே, புது டின்னா?”

விபூதியை எடுத்துக் கொடுத்தேன். பஞ்சாமிர்தம் வீட்டில் பூஜை செய்யாமல் திறக்கக்கூடாது என்று ஏதோ உளறினேன். அவர் விபூதியைப் பூசிக்கொண்டு, “அப்ப அடுத்த டிரிப்புக்கு எடுத்து வைங்க” என்றார். அடுத்த டிரிப்பில் நிஜப் பஞ்சாமிர்தம் ஒரு டப்பி கொடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு டிரிப்பிலும் எதிர்பார்க்கிறார்.

டிஸ்க்கை ஸ்டூடியோ ஜன்னல் ஓரத்தில் ஒரு மணி நேரம் ஆறவைத்தோம். அதற்குள் அக்கா பெட்டியின் முன்னாலும் பின்னாலும் வெள்ளை ஸ்டிக்கரில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி ஒட்டியிருந்தார். பின்பக்கம் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. எனக்கு ஒட்டியதைப் பார்த்தாலே போதும்.

மதியம் மூன்றாவது அறையில் புதியதைச் சொருகினேன். சொருகுமுன் அக்காவைப் பார்த்தேன். “மூணு” என்றார். “மூணு” என்றேன். பெட்டி கணக்குப்போடத் தொடங்கியது. கரண்ட் போனால் தாங்க என் கடையிலிருந்த பேட்டரியையும் கொண்டுவந்து கட்டினேன். கடை மூடும்போது திரையில் பாதி நிரம்பியிருந்தது. நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அக்காவும் தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். காலையில் கேட்டதற்கு, “கைப்பையத் தலகாணிக்கு அடியில வச்சேன். அது குத்துச்சு” என்றார்.

சனிக்கிழமை வெள்ளனே போய்ப் பார்த்தேன். நான்கு விளக்கும் பச்சை. பெட்டியின் ‘பீப்’பைத் திரும்ப இயக்கினேன், மெயிலை இரண்டு பேர் போனுக்கும் வரும்படி மாற்றினேன். இரண்டையும் ஸ்டூடியோவில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் செய்தேன். அக்காவின் வீட்டுக்காரருக்கு இந்தக் கதை இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

ஒன்பதரைக்கு ஜீப் சத்தம் கேட்டது. பூண்டிச் சித்தப்பா காரட் மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். ஒல்லியான மனிதர், குளிருக்குக் கம்பளிச் சால்வை, கையில் ஒரு மஞ்சள் பை. அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் பெட்டியிலிருந்து, பிசிறில்லாமல், தண்ணீர் மாதிரி.

“இது நல்லாருக்கு. இதப் போடு. இது யாரு? ஆங், இவன் பத்தாயிரம் மொய் எழுதுறேன்னு சொல்லிட்டுச் சாப்டுட்டு ஓடுன பய, இவனப் பெருசாப் போடு.” செருப்புத் தேடும் படம் வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். “இது வேண்டாந்தா.”

“இது இருக்கட்டும் சித்தப்பா. இதான் நல்லா இருக்கு.”

“செருப்பு கடைசிவரைக்கும் கெடைக்கவே இல்ல” என்றார் அவர், ஏதோ நேற்று நடந்ததுபோல. “வர்ற மாசம் பேத்திக்குக் காதுகுத்து. நீ வந்துரு. வண்டிய அனுப்பட்டுமா?”

அக்கா திரையில் எதையோ சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். “வர்றேன் சித்தப்பா” என்றார் பிறகு.

எனக்கு மனது நிறைந்துபோயிற்று. நிறைந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். “இந்தப் பொட்டிதாங்க ஐயா எல்லாம். நாலு மூட்டை பூண்டுன்னு வச்சுக்கங்க—” என்று தொடங்கினேன். அக்கா பார்த்த பார்வையில் பூண்டு அங்கேயே நின்றது.

சித்தப்பா மஞ்சள் பையைத் திறந்தார். மகளும் மருமகனும் கல்யாணத்துக்குப் பிறகு பழனிக்குப் போய்வந்தார்களாம். விபூதி, குங்குமம், நிஜமான பஞ்சாமிர்தம். அக்காவிடம் கொடுத்துவிட்டு, எழுந்து நின்று கடையைச் சுற்றிப் பார்த்தார். கேமராவில் பொட்டு. பிரிண்டரில் பொட்டு. திரையின் ஓரத்தில் பொட்டு. கத்தரிக்கோலில்கூட ஒரு பழைய குங்குமத் தடம். பெட்டியின் முன்னால் வந்து நின்றார்.

“ஏந்தா, இம்புட்டுப் பெரிய சோலி பாக்கறது இதுன்னு சொல்றாரு. இதுக்கு மட்டும் வெறும் நெத்தியா?”

குங்குமப் பொட்டலம் மேசைமேல் பிரிந்து கிடந்தது. என் மோதிர விரல் அதுவாகவே அதில் தொட்டுக்கொண்டு பெட்டியை நோக்கிப் போயிற்று.

“ஓரமா, ஸ்டிக்கருக்குப் பக்கத்துல வச்சிரட்டுமாக்கா?”

“கைய எடுங்க.”